மெதுவக்காவும் உப்பிய கேனும்

உலகத்தில் அவள் பயப்படாத பொருள் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். நாயென்றால் பயம், இடியென்றால் பயம், நேரங்கெட்ட நேரத்தில் அலறும் தொலைபேசியென்றால் பயம். படிக்கிற காலத்தில் கணிதப் பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. லிப்டில் ஏற அவளுக்குத் தைரியமில்லை. படியேறினால் கீழே பார்த்துத் தலை சுற்றும். உயிரியலில் தவளை இருந்தது. மிஞ்சியது வேதியியல். கண்ணாடிக் குழாயில் கலர் தண்ணீரை ஊற்றிக் கலக்குவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துச் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பயப்பட வேண்டிய சமாச்சாரங்களில் பாதியை அந்த அலமாரிகளில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

ஆனால் அங்கே அவளுடைய பயம் அவளுக்குக் கைகொடுத்தது. அலட்சியமாகச் செய்தவர்கள் விரலைச் சுட்டுக்கொண்டார்கள், சட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். இவள் பயந்து பயந்து செய்தாள், ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகத் தேறி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் கிடைத்தது. யார் எதைத் தூக்கினாலும் "மெதுவா, மெதுவா" என்று பதறுவாள். கூட வேலை பார்த்த இளைஞன் அதையே அவளுக்குப் பெயராக்கிவிட்டான். மெதுவக்கா. அவனுக்கு அவள் வைத்த பெயர் ராக்கெட். நடக்க வேண்டிய இடத்தில் அவன் ஓடுவான், ஓட வேண்டிய இடத்தில் பறப்பான்.

வாய்த்த கணவரும் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் கூண்டுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர். மதியம் ஒரு தடவை அவரைப் போனில் கூப்பிடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னும் விழல."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

இந்தச் சண்டை முடிந்தால்தான் டப்பாவைத் திறப்பாள்.

அவர்கள் ஆராய்ச்சி செய்தது ஒரு வெள்ளைப் பொடியை. போரோஹைட்ரைடு என்று பெயர். பார்ப்பதற்குச் சமையல் உப்பு மாதிரி இருக்கும். காரம் நிறைந்த தண்ணீரில் கரைத்து வைத்தால் சமர்த்தாகக் கிடக்கும். அந்தத் தண்ணீரை ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டு, உள்ளேயிருக்கும் உலோகத் தகட்டில் படவைத்தால், பொடி தன்னிடம் இருக்கும் எலக்ட்ரான்களைத் தகட்டில் இறக்கிவிடும். அதுதான் மின்சாரம். நெருப்பு இல்லை, புகை இல்லை. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்த ஊர்களுக்குப் போகும் மீட்புக்காரர்கள் கையில் வைத்திருக்கும் வயர்லெஸ் கருவியை இந்தப் பெட்டியால் ஓட்ட வேண்டும் என்பது ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியரின் ஆசை.

கணக்குப்படி பொடியின் ஒவ்வொரு துகளும் எட்டு எலக்ட்ரான் தர வேண்டும். தராது. பிளாட்டினத் தகட்டைப் போட்டால் வேகமாக வேலை நடக்கும். ஆனால் பாதிச் சரக்கு மின்சாரமாகாமல் ஹைட்ரஜன் வாயுவாக, பொடிப்பொடிக் குமிழியாகப் பறந்துவிடும். தங்கத் தகட்டில் குமிழி குறைவு, வேகமும் குறைவு. ஒவ்வொரு தகட்டிலும் எத்தனை எலக்ட்ரான் தேறுகிறது, எத்தனை குமிழியாக வீணாகிறது என்று அளப்பதுதான் மெதுவக்காவின் வேலை. மற்றவர்கள் குமிழியை நஷ்டம் என்று பார்த்தார்கள். அவள் அதை ஆபத்தாகப் பார்த்தாள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அறைக்குள் நிறைந்து நின்றாலும் தெரியாது. ஒரே ஒரு பொறி போதும். பிறகு அந்த அறையே இருக்காது.

அவர்கள் இருந்தது நிலையத்தின் பின்பக்கக் கட்டடம். நடைபாதையை ஒட்டி அளக்கும் கூடம். கூடத்துக்குள்ளிருந்து ஒரு கதவைத் திறந்தால் சாமான் அறை. அதற்கும் உள்ளே, ஒரு பிளைவுட் தடுப்புக்கு அப்பால், கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அறை. அங்கிருந்து வெளியே வர வேண்டுமானால் சாமான் அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜன்னலில் இரும்புக் கம்பி. அந்த அறையில் காலை முதல் மாலை வரை பாத்திரம் கழுவிய அம்மாளை எல்லோரும் கண்ணாடியக்கா என்பார்கள். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது, அவருக்கு மனமிருந்தால் கேட்கும்.

சாமான் அறை மூலையில் ஒரு பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் இருந்தது. பெட்டியில் ஓடி முடிந்த எரிபொருளை அதில்தான் ஊற்றுவார்கள். ஓடி முடிந்தது என்றாலும் அதில் உயிர் கொஞ்சம் மிச்சமிருக்கும். வாயுவை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அதன் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள்.

ஒருநாள் நடந்தது இது. மறுநாள் வயர்லெஸ் கருவியைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கட்டடம் முழுக்கத் தடபுடல். ராக்கெட் முந்தின நாளே மேசைகளையெல்லாம் துடைத்து ஒழித்துவிட்டான். நடைபாதைக் கைப்பிடி ஆடுகிறது என்று ஒரு வெல்டரைக் கூட்டிவந்து உட்கார்த்தியிருந்தார்கள். பேராசிரியர் ஏதோ ஏற்பாட்டுக்காக முன்கட்டடத்துக்குப் போயிருந்தார்.

காலை வேலை சூடுபிடிக்கும் நேரம். புதுக் காரக் கரைசல் பாட்டில் ஒன்று எடுக்க மெதுவக்கா சாமான் அறைக்குள் போனாள். கையைப் பாட்டிலில் வைத்தபோது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினாள். யாரும் இல்லை. கேன்தான் இருந்தது. ஆனால் அது கேன் மாதிரி இல்லை. தட்டையாக இருக்க வேண்டிய பக்கங்கள் பூசணிக்காய் போல உப்பியிருந்தன. அடிப்பாகமும் உருண்டு, நிற்க முடியாமல் லேசாக ஆடியது. உள்ளே கரிப்பொடி போல ஏதோ சுழல்வது வெள்ளைப் பிளாஸ்டிக்கின் வழியே தெரிந்தது. கேனைத் தொடாமல் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அனல் அடித்தது. மூடியைப் பார்த்தாள். அது ஓட்டை மூடி இல்லை. இறுக்கித் திருகிய நீல மூடி.

கேனுக்கு முதுகைக் காட்டவும் பயந்து, பின்பக்கமாகவே நடந்து கூடத்துக்கு வந்தாள். ராக்கெட் மேசையில் குனிந்து கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நேத்து அந்தக் கேன்ல என்ன ஊத்தின?"

"வழக்கமா ஊத்துறதுதான்க்கா."

"வேற?"

"வேற ஒண்ணும்... அந்தக் கோபால்ட் பாட்டில் கழுவின தண்ணி கொஞ்சம்..." சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்தது. கோபால்ட் என்ற உலோகம் பட்டால் அந்தப் பொடி வாயுவை மளமளவென்று கக்கிவிடும் என்று அவனுக்கும் தெரியும்.

"மூடி?"

"பழைய மூடி ஒழுகிச்சுக்கா. நாளைக்கு ஆளுங்க வராங்களேன்னு வேற மாத்தினேன். அக்கா... என்னக்கா ஆச்சு?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. நடைபாதையில் வெல்டர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

"எந்த சுவிட்சையும் தொடாத. ஃபேன் போடாத. அப்படியே வெளிய ஓடு. சாருக்குச் சொல்லு, தீயணைப்புக்காரங்களுக்கு வாசல்ல போய் போன் பண்ணு." இவ்வளவையும் அவள் கத்தவில்லை, கத்த வரவில்லை. கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டே அவன் முகம் வெளிறிப் போய் ஓடினான்.

வெல்டர் முகமூடிக்குள் இருந்தார். "நிறுத்துங்க" என்றாள். காற்றுக்குக்கூடக் கேட்டிருக்காது. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் பதறிப்போய் முகமூடியைத் தூக்கினார்.

"என்னம்மா இது! வேல நடக்கும்போது கிட்ட வரலாமா? கண்ணு போயிடும்!"

"உள்ள கேஸ்... ஒரு பொறி பட்டா எல்லாரும் போயிடுவோம். மெஷினை அணைங்க. அணைச்சுட்டு வெளிய வாங்க."

அவள் முகம் இருந்த லட்சணத்தைப் பார்த்து அவர் உடனே மெஷின் பக்கம் பாய்ந்தார். அணைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து முற்றத்துக்கு ஓடிவந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்தாள்.

"ஏம்மா," என்றார் வெல்டர், "உள்ள தண்ணி விழற சத்தம் கேக்குதே. யாராச்சும் இருக்காங்களா?"

கண்ணாடியக்கா.

இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், சாத்திய கண்ணாடிக்குப் பின்னால், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்த அம்மாள் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. தட்டினார்கள். திரும்பவில்லை. வெல்டர் முஷ்டியால் இடித்தார். கண்ணாடியக்கா நிமிர்ந்து பார்த்தார். இருவரும் கையை ஆட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டி, இதோ முடிந்துவிட்டது என்று சைகை செய்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"கம்பிய அறுத்துடவா? ரெண்டே நிமிஷம்."

"ஐயோ வேணாம்! பொறி பறக்கும்."

"அப்ப நான் உள்ள போய்க் கூட்டிட்டு வரேன்."

அவள் அவரைப் பார்த்தாள். சட்டைப் பையில் லைட்டர். காலில் இரும்பு லாடம் அடித்த பூட்ஸ். கேனில் இருப்பது என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. கழுவும் அறையில் வெந்நீர் ஹீட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடானதும் அது தானாக 'டிக்' என்று அணையும். அந்த டிக்கில் ஒரு பொறி இருக்கும். கேன் கிழிந்து வாயு தடுப்பைத் தாண்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டால்?

"நீங்க இங்கயே நில்லுங்க" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கழுத்தில் எப்போதும் தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு ஏற்றிக்கொண்டாள். கூடத்தைக் கடந்தாள். சாமான் அறைக் கதவருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கணவர் ஏதோ ஒரு கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். திரும்பிப் போய்விடலாம், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் சொன்னது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரோடு சுவராக ஒட்டி, கேனைப் பார்க்காமல் கடந்து போனாள்.

கழுவும் அறையில் நுழைந்து, கண்ணாடியக்காவின் வலது பக்கம் போய் நின்றாள்.

"என்னம்மா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, பக்கத்து ரூம் கேன் வெடிக்கப் போகுது. வாங்க."

"வெடிக்கவா? சரி, ஹீட்டரை அணைச்சுட்டு..."

"தொடாதீங்க! எதையும் தொடாதீங்க!" அப்போதுதான் முதல் முறையாக அவளுக்குக் குரல் வந்தது. கண்ணாடியக்கா கையை இழுத்துக்கொண்டார்.

பக்கத்து அறையில் மறுபடியும் 'டொக்'. முன்னைவிடப் பலமாக.

அவ்வளவுதான். நகர வேண்டும் என்று மெதுவக்காவுக்குத் தெரிந்தது, நகர முடியவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடியக்காவின் முகத்தில் மாட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. கை அதுவாகச் செய்தது. செய்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கண்ணாடியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னைக் கூப்பிட வந்தியா, நான் உன்னைக் கூட்டிட்டுப் போகணுமா? நட!" என்று சொல்லி, சோப்பு நுரையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மற்ற கையில் பாத்திரம் அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் தட்டைக் கேடயம் போலத் தூக்கிக்கொண்டார். இருவரும் சுவரை உரசிக்கொண்டு வந்தார்கள். கேன் இப்போது பந்துபோல ஆகியிருந்தது. அதிலிருந்து 'உஸ்ஸ்' என்று மெலிசாக ஒரு சத்தம்.

கூடத்துக் கதவில் காலை வைத்தபோது அது கிழிந்தது. பெரிய வெடிச்சத்தம் என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். முதுகில் யாரோ வெந்நீரை வாரி இறைத்தது போலிருந்தது. பதறித் திரும்பிய அவள் முகத்தில், வலது கண்ணோரம், சுளீரென்று ஏதோ பட்டது.

நெருப்பு பிடிக்கவில்லை. பொறி இல்லை, வாயு மேலே ஏறி, கூரையோரத் துவாரங்கள் வழியே போய்விட்டது. அது அவளுக்கு அப்போது தெரியாது. கண்ணுக்குள் தீக்கங்கு விழுந்தது மட்டும்தான் தெரிந்தது. காரம். அது கண்ணில் பட்டால் நிற்காமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும் என்று படித்திருக்கிறாள்.

முற்றத்துக் குழாயடியில் கண்ணாடியக்கா அவளைத் தள்ளி உட்கார வைத்து, இமையை விரல்களால் பிளந்து பிடித்து, தண்ணீரைத் திறந்துவிட்டார். அவள் அலறினாள், உதைத்தாள், விடச் சொல்லிக் கெஞ்சினாள். பிடி தளரவில்லை. வெல்டர் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "போதும்க்கா, போதும்" என்று கத்தினாள்.

"எனக்குத்தான் காது கேக்காதே" என்றார் கண்ணாடியக்கா. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை தண்ணீர் ஓடியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையுமாம். அந்த இருட்டில் கிடந்தபோதுதான் உண்மையான பயம் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. இதுவரை பயந்ததெல்லாம் வரப்போவதை நினைத்து. இது வந்துவிட்டது, ஆனால் எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியவில்லை. தள்ளுவண்டி உருளும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. இயந்திர எண்ணெய் வாசனை வந்தது.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன்." வழக்கமான கிண்டலைக் காணோம். அவர் அழுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"குழந்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"தூசி விழுந்திருக்குன்னு சொன்னேன்."

"இனிமே அவ முகம்..."

"சும்மா இரு. டாக்டர் ஒண்ணும் அப்படிச் சொல்லல." என்ன சொன்னார் என்பதையும் அவர் சொல்லவில்லை.

கட்டைப் பிரித்த அன்று அவள் கண்ணைத் திறக்கவே மறுத்தாள். மூடியிருக்கும்வரை, பார்வை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? டாக்டர் பொறுமையாக நின்றார். கடைசியில் கணவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். இடது கண்ணில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வலதில், மூடுபனிக்குள் நிற்பது போல, மீசை தெரிந்தது.

"உடனே தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டார் டாக்டர். "அவங்க பாதியில விட்டிருந்தா இந்தக் கண்ணு இல்ல."

வலது கண்ணோரம் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. மூடுபனி கொஞ்சம் விலகியது, முழுக்க விலகவில்லை. முதுகுக் காயம் ஆறியது. ராக்கெட் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் அங்கேயே நின்றான். "அக்கா, திட்டுங்கக்கா" என்றான். அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். விசாரணையில் எல்லாவற்றையும் அவனே ஒப்புக்கொண்டிருந்தான். பேராசிரியரும் தன் பங்குக்குத் தலை குனிந்தார்: மூடிகளைச் சோதிக்க ஒருவரையும் நியமிக்காமல் விட்டது அவர்தான்.

பயம் தெளிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். தெளியவில்லை. குக்கர் விசில் அடித்தால் மகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சோடா பாட்டில் திறக்கும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். வேலையை விட்டுவிடு என்றார் கணவர். விட்டுவிடுவதாகத்தான் இருந்தாள். ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்தால், ஆய்வுக்கூடத்தில் இப்போது யார் எதை எதில் ஊற்றுகிறார்களோ என்ற நினைப்பு அவளைத் தின்றது. தான் இல்லாத இடத்தில் கேன் உப்புவதை நினைப்பது, இருக்கும் இடத்தில் உப்புவதைவிட மோசமாக இருந்தது.

போனாள். முதல் நாள் நடைபாதையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த நாள் கூடம் வரை. அதற்குப் பிறகு ஒருநாள் கண்ணாடியக்கா சாமான் அறையின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் இங்கதான் இருப்பேன். நீ பாட்டுக்கு வா, போ" என்றார். அந்த ஸ்டூல் வெகுநாள் அங்கேயே கிடந்தது.

இப்போது கழிவுக் கேன்கள் கட்டடத்துக்கு வெளியே, கூரை மட்டும் போட்ட ஒரு கொட்டகையில் நிற்கின்றன. கோபால்ட்டுக்குத் தனிக் கேன், தனி நிற மூடி. காலையில் முதல் வேலையாக மெதுவக்கா அங்கே போய் ஒவ்வொரு மூடியின் ஓட்டையிலும் ஊசி விட்டுப் பார்க்கிறாள். புதிதாக வந்த பிள்ளைகள் அவளைக் கறாரான ஆள் என்கிறார்கள். அவர்கள் முன்னால் அவள் குரல் உயர்ந்துதான் வருகிறது.

ஒத்திப்போட்ட வயர்லெஸ் சோதனை ஒருவழியாக நடந்தது. தங்கத்தையும் இன்னொரு உலோகத்தையும் கலந்து அவள் தேர்ந்தெடுத்த தகடு. எட்டு எலக்ட்ரானில் ஏறக்குறைய ஏழு தேறியது. வந்தவர்கள் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டமெல்லாம் நடந்து பேசினார்கள், சிரித்தார்கள். மெதுவக்கா அங்கே இல்லை. எல்லாக் கதவுகளும் கண்ணில் படும்படி வாசலோரப் பெஞ்சில், இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வேர்த்துச் சேலை நனைந்திருந்தது.

ராக்கெட் அவளை நோக்கி நடந்து வந்தான். "முடிஞ்சுதுக்கா. எல்லாரும் கிளம்பிட்டாங்க. ஒண்ணும் ஆகல."

"பெட்டிய அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு."

"மிச்சத் தண்ணி?"

"கொட்டகையில. நானே பார்த்து ஊத்தினேன்."

அவள் எழுந்தாள். "ஒருதரம் நானும் பாத்துட்டு வந்துடறேன்" என்று கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.